ஜடையும் கண்ணாடியும் கொஞ்சம் வெள்ளியும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. 1971இல் கும்பகோணத்தில் எடுத்தது. அம்மா மணையில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் நம் பக்கம். முதுகுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. அதில் தாழம்பூ வைத்துத் தைத்த ஜடை, உச்சியிலிருந்து குஞ்சலம் வரை முழுசாகத் தெரிகிறது. இரண்டு கையிலும் வளையல் அடுக்கு. வளைகாப்புப் படம். ஒரு கணக்கில் பார்த்தால் அதில் நானும் இருக்கிறேன், ஏழு மாதத்துப் பிள்ளையாக. எடுத்தவர் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியப்பா, அதாவது அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். கண்ணாடியின் மேல் விளிம்பில் நான்கு விரல் நுனிகள் எட்டிப் பார்க்கின்றன. அவை பெரியம்மாவுடையவை.

இந்த மாதிரி ஜடைப் படம் உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இருக்கலாம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் ஒரு கேள்வி நமக்குத் தோன்றுவதே இல்லை. கண்ணாடி காமிராவுக்கு எதிரே நிற்கிறது. அப்படியானால் காமிராவும், அதன் மேல் குனிந்து நிற்கும் மனிதரும் கண்ணாடியில் விழாமல் எங்கே போனார்கள்?

கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் ‘கொஞ்ச’த்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கண்ணாடி ஒரு பங்கு திரும்பினால் அதிலிருந்து திரும்பி வரும் ஒளி இரண்டு பங்கு திரும்பும். இரண்டடி அகலக் கண்ணாடியின் ஒரு விளிம்பை நான்கு அங்குலம் முன்னால் தள்ளினால் அது ஏறக்குறைய 10 டிகிரி திரும்பும். ஒளி 20 டிகிரி விலகும். காமிராவிலிருந்து கண்ணாடி 2.6 மீட்டர் தள்ளி இருந்தால், அந்த விலகல் காமிரா நிற்கும் இடத்துக்கு வந்து சேரும்போது மூன்றடியாக வளர்ந்திருக்கும். கண்ணாடி இப்போது போட்டோகிராபரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உட்கார்ந்திருப்பவளின் முதுகைப் பார்க்கும். அவள் தோளே ஜடையை மறைத்துவிடாமல் இருக்கவும் அதே திருப்பம்தான் கை கொடுக்கிறது. பெரியப்பாவிடம் பாகைமானி கிடையாது. பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடியின் பின்னால் பெரியம்மா நிற்பாள். “இன்னும் ஒரு நூல்... இன்னும்... போதும், ஆடாதே” என்று குரல் வரும்.

அந்தக் குரல் வருவதற்குள் அவர் தலைக்குள் இன்னொரு கணக்கும் ஓடியாக வேண்டும். அவருடைய காமிரா மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டைக் கண் யாஷிகா. அதன் பார்வைத் திரையில் உருவம் நிமிர்ந்து தெரியும், ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். அம்மா வலப்பக்கம் சாய்ந்தால் திரையில் இடப்பக்கம் சாய்வாள். ஜடையையோ கண்ணாடி ஏற்கனவே ஒரு முறை இடம் வலம் மாற்றிவிட்டது. திரை அதை மறுபடியும் மாற்ற, ஜடை மட்டும் சரியான பக்கத்துக்கு வந்துவிடும். ஒரே சதுரத்துக்குள் முகம் மாறித் தெரிகிறது, ஜடை நேராகத் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே “இடப்பக்கம் கொஞ்சம்மா” என்று பிழையில்லாமல் சொல்வது மாட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வண்டியில் பூட்டுவது மாதிரி.

இனி குவியம். ஒளிக்கதிர்கள் கூடி உருவம் கூர்மையாக விழும் தூரத்தைக் குவியம் என்கிறோம். போட்டோக்காரர் மொழியில் ஃபோகஸ். காமிராவுக்கும் அம்மாவின் முகத்துக்கும் இரண்டு மீட்டர் என்று வையுங்கள். முதுகிலிருந்து இன்னும் அறுபது சென்டிமீட்டர் தள்ளிக் கண்ணாடி. ஜடை அம்மாவின் முதுகில்தான் கிடக்கிறது, ஆனால் காமிராவுக்கு அது அங்கே இல்லை. கண்ணாடிக்குள் தெரியும் பொருள், கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் கண்ணாடிக்குப் பின்னால் போய் நிற்கும். ஆக, ஜடை 2 மீட்டரும் 60 சென்டிமீட்டரும் மறுபடி ஒரு 60 சென்டிமீட்டரும் தாண்டி, 3.2 மீட்டரில் இருக்கிறது. சுவருக்குள், ஏன், சுவருக்கு அந்தப் பக்கமே அது தொங்கிக்கொண்டிருக்கலாம். ஒரே பெண்ணின் முகம் இரண்டு மீட்டரிலும் பின்னல் மூன்றேகால் மீட்டரிலும்!

முகத்துக்குக் குவியம் வைத்தால் ஜடை கலங்கும். ஜடைக்கு வைத்தால் முகம் போச்சு. பெரியப்பா இரண்டுக்கும் வைக்க மாட்டார். இரண்டரை மீட்டருக்கு வைப்பார். அந்தத் தூரத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள வெறும் காற்று. காற்றுக்குக் குவியம் வைத்துவிட்டு லென்ஸின் துளையைச் சுருக்குவார். நாம் தூரத்துப் பலகையை வாசிக்கக் கண்ணை இடுக்கிக்கொள்கிறோம் இல்லையா, அதே தந்திரம். துளை சுருங்கச் சுருங்க, குவியத்துக்கு முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் பகுதி நீளும். இதைப் புல ஆழம் என்பார்கள். அவருடைய 80 மில்லிமீட்டர் லென்ஸை முழுசாகத் திறந்து எஃப்/3.5இல் வைத்தால் புல ஆழம் ஒன்றேகால் அடிதான். கண்ணாடிச் சட்டம் மட்டும் பளிச்சென்று விழும், அம்மாவும் ஜடையும் புகையாகிவிடுவார்கள். எஃப்/11க்குச் சுருக்கினால் சரியாக இரண்டு மீட்டரிலிருந்து 3.2 மீட்டர் வரை கூர்மையாகிறது. இந்தக் கணக்கைச் சூத்திரம் போட்டு நான் சரிபார்த்தபோது அரை மணி ஆனது. அவர் லென்ஸ் வளையத்தைத் திருப்ப மூன்று விநாடிகூட ஆகியிருக்காது.

துளையைச் சுருக்கினால் ஒளி குறையும். எஃப்/3.5க்கும் எஃப்/11க்கும் நடுவே பத்து மடங்கு வித்தியாசம். அதை ஈடுகட்டப் பெரிய பல்புகள், பதினைந்தில் ஒரு விநாடி அசையாமை. வியர்வை வழிய அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். ஆனாலும் அவள் கொடுத்துவைத்தவள். 1839இல் டாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் தன் புகைப்பட முறையை வெளியிட்டபோது ஒரு முகத்தைப் பதிக்க நிமிடக்கணக்கில் ஆனது. தலை அசையாமல் இருக்க இரும்புக் கவை ஒன்றைப் பின்மண்டையில் முட்டுக் கொடுத்தார்கள். மறு வருஷமே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித ஆசிரியர், ஒளியைப் பதினாறு மடங்குக்கு மேல் அள்ளித் தரும் முகப்பட லென்ஸை வடிவமைத்துவிட்டார். கணக்குப் போட அவருக்கு உதவியாக வந்தவர்கள் ராணுவப் பீரங்கிப் படைவீரர்கள் என்பார்கள். குண்டு எங்கே விழும் என்று கணக்கிடப் பழகியவர்கள், ஒளி எங்கே விழும் என்று கணக்கிட்டார்கள்.

நல்ல நிலைக்கண்ணாடியின் பின்னால் பூசியிருப்பது வெள்ளி. படத்தைப் படமாக்குவதும் வெள்ளிதான். நம் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு மை அல்ல, சாயம் அல்ல. கொலுசில் இருக்கிற அதே உலோகம், பொடிப்பொடியாக. ரொம்பப் பொடியாகிவிட்டால் வெள்ளி பளபளக்காது, கறுத்துத் தெரியும். ஒரு தபால் அட்டை அளவுப் படத்தில் எவ்வளவு வெள்ளி இருக்கும்? மிஞ்சிப்போனால் ஒரு அரிசி மணியின் எடை. அதில்தான் மூக்குத்தி, வளையல், முந்தானைக் கரை, கண்ணோரத்துச் சிரிப்பு எல்லாம்.

படச்சுருளிலும் வெள்ளிதான். முதலில் அது வெள்ளி புரோமைடு என்னும் உப்பாக, ஜெலட்டின் என்ற பசைக்குள் கோடிக்கணக்கான நுண்படிகங்களாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு படிகத்தின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளி அதன்மேல் பட்டதும் நடப்பது அற்பம்: படிகத்துக்குள் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்து ஒரு புள்ளியாகின்றன. அவ்வளவுதான். எந்த நுண்ணோக்கியில் சுருளைப் பார்த்தாலும் படம் தெரியாது. ஆனால் படம் விழுந்துவிட்டது. இதற்கு மறை உருவம் என்று பெயர். பிறகு டெவலப்பர் கரைசலில் போடும்போது, அந்த நான்கு அணுக்கள் உள்ள படிகத்தில் மட்டும் மீதி வெள்ளி முழுவதும், நூறு கோடிக்கும் மேற்பட்ட அணுக்கள், உப்பை உதறிவிட்டு உலோகமாக மாறுகின்றன. இந்தியாவின் மக்கள் தொகையில் நான்கு பேர் கை தூக்க, மற்ற எல்லோரும் எழுந்து நிற்பதுபோல. இயற்கையில் இப்படியொரு பெருக்கத்தை மனிதன் கணினிக்கு முன்பே பிடித்து வைத்திருந்தான். ஏன் நடக்கிறது என்று தெரியாமலேயே நூறு வருஷம் படம் எடுத்தான். ரொனால்ட் கர்னி, நெவில் மாட் என்ற இயற்பியலாளர்கள் ஒரு நல்ல விளக்கம் தந்தது 1938இல்.

ஜெலட்டின் விஷயம் இன்னும் விசித்திரம். அது மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற பசை. சில மாட்டுப் பசையில் செய்த தகடுகள் ஒளிக்குச் சுறுசுறுப்பாக இருந்தன, சில மந்தமாகத் தூங்கின. ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வகத்தில் எஸ். ஈ. ஷெப்பர்ட் 1920களில் காரணத்தைக் கண்டார். கந்தகம் கலந்த ஒரு துளிச் சேர்மம், கடுகு எண்ணெயில் நெடியடிக்கிறதே அந்த வகை. மாடு கடுகுச் செடி மேய்ந்திருந்தால் அது பசைக்குள் வந்து, படிகத்தில் மறை உருவம் கூடுவதற்கு ஒரு திண்ணை கட்டித் தருகிறது. நம் தாத்தாக்களின் முகம் பளிச்சென்று விழுந்ததில் எங்கோ மேய்ந்த ஒரு மாட்டுக்கும் பங்குண்டு. 1967 முதல் நம் ஊட்டியிலேயே, ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருளும் தாளும் தயாராயின. தூசி இல்லாத குளிர்ந்த காற்று அந்த வேலைக்குத் தோது. சுருளில் மருந்து பூசுவது முழு இருட்டில் செய்ய வேண்டிய வேலை.

ஊட்டிக் குளிர் கும்பகோணத்துக்கு ஏது? டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். சித்திரை மாதத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரே அதைவிட எவ்வளவோ சூடு. சூடு ஏறினால் வேதிவினை முந்திக்கொண்டு ஓடும், படம் கறுத்துப்போகும். 35 டிகிரியை நெருங்கினால் ஜெலட்டினே இளகி, மூக்கும் முழியும் சுருளை விட்டு வழுக்கிப் போய்விடும். ஆகவே பெரியம்மாவின் மண்பானை ராத்திரி முழுக்க முற்றத்துக் காற்றில் நிற்கும். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தைக் கொண்டுபோகும். அது போதாத நாளில் ஐஸ் கட்டி. காலையில் தாகத்துக்கு அந்தப் பானையில் கை வைத்த குழந்தைகள் எல்லோரும் திட்டு வாங்கியிருக்கிறோம். “அது ஃபிலிமுக்குடா” என்பாள்.

முன்கட்டு ஸ்டுடியோ, பின்கட்டு வீடு, இரண்டுக்கும் நடுவே இருந்த சாமான் உள் ராத்திரியில் டார்க் ரூம். கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்தால் யாரும் தட்டக்கூடாது. அடுப்பில் பால் பொங்கினாலும் சரி. உள்ளே எரிவதும் சிவப்புதான். ஏன் சிவப்பு? பிரிண்ட் போடும் தாளில் உள்ள வெள்ளி உப்புக்கு நீலமும், பச்சையில் கொஞ்சமும்தான் தெரியும். சிவப்பு அதற்கு இருட்டு. நமக்கு வெளிச்சம், தாளுக்கு அமாவாசை.

இந்தச் சிவப்புக் குருட்டுத்தனம் பழைய நாளில் தாளுக்கு மட்டுமல்ல, படம் பிடிக்கும் தகட்டுக்கும் இருந்தது. பாட்டியின் கல்யாணப் படத்தை எடுத்துப் பாருங்கள். நெற்றியில் குங்குமம் கரிப்பொட்டாக இருக்கும். உதடு கறுத்திருக்கும். மாநிறத்து முகத்தில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம் என்பதால், அதுவும் உள்ளதைவிட இரண்டு சாயல் கறுத்தே விழும். நீலம் ஒன்றையே அறிந்த ஆதிகாலத் தகடுகளில், மஞ்சள் பூசிக் குளித்த முகம் இன்னும் மோசம். ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் வோகல் 1873இல் தகட்டில் சாயம் ஒன்றைச் சேர்த்து, அதற்குப் பச்சையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். சிவப்பையும் பார்க்கும் சுருள்கள் பரவலாக வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. “போட்டோவில நான் கறுப்பா விழறேன்” என்று பாட்டி சலித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. குற்றம் வேதியியலுடையது. அம்மாவின் 1971 படத்தில் பொட்டு சாம்பல் நிறம். ஒரு தலைமுறையில் தகட்டுக்குக் கண் திறந்துவிட்டது.

டெவலப்பரில் உருவம் வந்தபின் ஹைப்போ. ஒளி படாத வெள்ளி உப்பை அது கரைத்து எடுத்துவிடும், இல்லாவிட்டால் வெளியே கொண்டுவந்ததும் படம் முழுக்கக் கறுத்துவிடும். அந்தக் குணத்தை 1819லேயே, போட்டோ என்ற ஒன்று வருவதற்கு முன்பே, ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி கண்டு வைத்திருந்தார். ஹைப்போ வேலை முடிந்ததும் முழுசாகப் போய்விட வேண்டும், தங்கினால் பத்திருபது வருஷத்தில் படம் பழுப்பேறும். அந்தக் கழுவல் எங்கள் பொறுப்பு. பெரியம்மாவின் கட்டளை: ஒரு அண்டா தண்ணீரில் ஒரேயடியாக ஊறவைக்காதே, ஆறு தடவை மாற்று. அரிசி களைகிறவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு அழுக்கு தங்குகிறது என்றால், ஆறாவது முறையில் மிச்சம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கழுவிய படங்களை ஈரத்தோடு ஜன்னல் கண்ணாடியில் முகம் ஒட்டும்படி அப்பி, ரப்பர் உருளையால் நீவிவிடுவாள். வெயில் ஏறக் காய்ந்து, சடக் சடக் என்று தானே கழன்று விழும். கண்ணாடியின் வழவழப்பை ஜெலட்டின் அச்செடுத்துக்கொண்டுவிடும். கடையில் ‘கிளாஸி பிரிண்ட்’ என்று காசு வாங்கியது இதற்குத்தான். ஊரில் பாதிப் பேர் எங்கள் சமையலறை ஜன்னலில் முகம் வைத்துக் காய்ந்திருக்கிறார்கள்.

பெரியப்பாவின் தொழிலில் எனக்கு இன்றும் தீராத வியப்பு டச்சிங். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: வெளுப்பு கறுப்பாக, கறுப்பு வெளுப்பாக. கண்ணுக்குக் கீழ் கருவளையம் இருந்தால் நெகட்டிவில் அது கண்ணாடி மாதிரித் தெளிந்த இடம். ஒளி அங்கே தடையில்லாமல் புகுந்து தாளைக் கறுக்க வைக்கும். அந்த இடத்தில் பென்சிலால் லேசாக நிழல் போட்டால், கரித்துகள் ஒளியைத் தடுக்கும், தாளில் வெளுக்கும். அதாவது, கறுப்புப் பூசினால் கருவளையம் மறையும். சுருக்கமும் தழும்பும் அப்படியே.

இதை எந்த அளவில் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்த அம்மாவின் முகம் அந்த நெகட்டிவில் எட்டு மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும். அதில் ஒரு கருவளையம் ஒரு எள்ளில் பாதிகூட இல்லை. சாய்மேஜையில் நெகட்டிவை வைத்து, கீழே கண்ணாடி வழியாக வெளிச்சம் ஏற்றி, மேலே பூதக்கண்ணாடி. பிசின் மாதிரி ஒரு மருந்தைத் தடவி நெகட்டிவைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கிக்கொள்வார், இல்லாவிட்டால் பென்சில் பிடிக்காது. பென்சில் முனை ஊசியைத் தோற்கடிக்க வேண்டும், உப்புத்தாளில் ஐந்து நிமிஷம் தீட்டுவார். கோடு இழுக்க மாட்டார். சின்னச் சின்னக் கால்புள்ளிகள், எட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று. கோடு போட்டால் பிரிண்ட்டில் முகத்தில் வெள்ளை வரி ஓடும். இன்று போனில் விரலால் தேய்த்தால் கணினி செய்துவிடுகிற வேலை. அது தப்பானால் திரும்பப் பெறலாம். இவரிடம் இருந்தது ஒரே ஒரு நெகட்டிவ்.

குரூப் போட்டோ வேறு மாதிரித் தலைவலி. படம் எடுக்க உட்கார்ந்த ஒருவர் நிமிடத்துக்குப் பத்து முறை இமைக்கிறார், ஒவ்வொன்றும் கால் விநாடி என்று கொள்ளுங்கள். அறுபது விநாடியில் இரண்டரை விநாடி கண் மூடியிருக்கும். ஒருவருக்கு அது அற்பம். முப்பது பேரை நிறுத்தினால், ஒரே கணத்தில் அத்தனை கண்ணும் திறந்திருக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றை ஒட்டி வந்துவிடுகிறது. ஐம்பது பேருக்கு எட்டில் ஒன்று. ஏறக்குறைய நிச்சயமாக ஒரு நல்ல படம் வேண்டுமானால் சுமார் 36 தடவை எடுக்க வேண்டும். பெரியப்பாவின் சுருளில் பன்னிரண்டு படம்தான், ஆக மூன்று சுருள் காலி. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸும் நிக் ஸ்வென்சனும் இதற்கு ஒரு சுருக்குவழி சொன்னார்கள்: இருபது பேருக்கு உட்பட்ட கூட்டமென்றால், நல்ல வெளிச்சத்தில் தலைக்கணக்கை மூன்றால் வகு, மங்கலில் இரண்டால் வகு, அத்தனை படம் எடு. சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2006இல் அவர்களுக்குக் கிடைத்தது. பெரியப்பா இரண்டு படத்துக்கு மேல் எடுத்ததில்லை. “எல்லாரும் கண்ண மூடுங்க. நல்லா மூடுங்க. இப்பத் தெறங்க!” என்பார். அப்போதுதான் திறந்த கண் உடனே இமைக்காது. அந்த ஒரு விநாடிக்குள் கிளிக்.

படம் கைக்கு வந்ததும் அம்மா சொன்னதாகப் பெரியம்மா அடிக்கடி சொல்லிக்காட்டுவாள்: “இது நானே இல்லக்கா.” மற்ற எல்லோருக்கும் அச்சாக அவள்தான். இருவர் சொல்வதும் சரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1977இல் ஒரு சோதனை நடந்தது. ஒருவரின் படத்தையும், அதையே இடம் வலம் மாற்றிய படத்தையும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். தன் படம் என்றால் பெரும்பாலும் மாற்றிய படம் பிடித்தது, சிநேகிதர்களுக்கு மாற்றாத படம். நம்மை நாம் அறிந்தது கண்ணாடியில். வகிடும், ஒரு பக்கம் ஏறிய புருவமும் அதில் பக்கம் மாறியே பழக்கம். போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியின் சங்கடம் வேறு: முப்பது சென்டிமீட்டரில் மூக்கு காதைவிட மிக அருகில் இருப்பதால் புடைக்கும். ஐந்தடியில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் ஒரு அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. முகப்படக்காரர்கள் ஐந்தாறு அடி தள்ளி நிற்பது மரியாதைக்காக மட்டுமல்ல.

வீட்டுப் படத்தில் ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டாகப் பார்க்கக் கூடாது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாக விழுவது கண்ணின் பின்சுவரில் உள்ள ரத்தநாளங்களின் நிறம். அது கெடுதல் இல்லை. ஆனால் குழந்தையின் ஒரு கண்மணி வெள்ளையாக, பூனைக் கண் மாதிரித் திரும்பத் திரும்ப விழுந்தால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விழித்திரைப் புற்றாகவோ கண்புரையாகவோ இருக்கலாம். சில சமயம் ஒளி விழுந்த கோணத்தாலும் அப்படித் தெரியும், அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். டெக்சஸின் பேய்லர் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரையன் ஷா, மகனுக்கு விழித்திரைப் புற்று என்று தெரிந்தபின் வீட்டுப் படங்களை எல்லாம் புரட்டினார். குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் எடுத்த படத்திலேயே வெள்ளை இருந்தது. இதைத் தேடிக் கண்டுபிடிக்கும் போன் செயலியை அவர் குழு உருவாக்கியது. 2019இல் வெளியிட்ட ஆய்வில், கண் நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேரின் பழைய வீட்டுப் படங்களில், மருத்துவர் கண்டறிவதற்குச் சராசரி ஒன்றேகால் வருஷத்துக்கு முன்பே செயலி அதைப் பிடித்தது.

போன வருஷம் அம்மாவின் படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. ஐம்பது மழைக்காலத்து ஈரம் ஜெலட்டினை இளக்கிக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டிருந்தது. ஜன்னலில் நடந்த அதே வித்தை, ஆனால் இந்த முறை சடக்கென்று கழலாது. சில வருஷம் முன்பு தாத்தா படம் ஒன்றை ஒரு கடையில் கொடுத்தபோது அவர்கள் பிய்த்தெடுத்தார்கள். தாத்தாவின் நெற்றியும் வலக்கண்ணும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. ஒட்டிய படத்தைப் பிரிக்கவே கூடாது, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்ய வேண்டும். இந்த மாதிரித் தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கும் பணி ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு நடந்திருக்கிறது.

ஸ்கேனில் பெரிதாக்கினேன். அம்மாவின் கண்மணி ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்: இரண்டு பல்பு. விழியின் முன்பக்கம் ஒரு குவிந்த கண்ணாடி, எதிரே இருப்பதையெல்லாம் எள்ளளவாக்கி வைத்துக்கொள்ளும். கன்னத்தில் பென்சிலின் கால்புள்ளிகள் தெரிந்தன. கருவளையத்தை அப்படித் துடைத்தெறிந்தவர், கண்ணாடி விளிம்பில் அந்த நான்கு விரலை மட்டும் ஏன் விட்டுவைத்தார்?

தொண்ணூறைத் தொடப்போகும் பெரியம்மாவிடம் போனில் காட்டிக் கேட்டேன். கறுப்புச் சட்டத்தின்மேல் வெளுப்பான விரல். நெகட்டிவில் அது கறுத்த இடம், பென்சிலுக்கு அங்கே வேலையில்லை. கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மருந்துப் பூச்சோ தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கை ஒரு இழை அழுந்தினால் ஓட்டை, பிரிண்ட்டில் கரும்பொட்டு. பென்சிலை அழிக்கலாம், சுரண்டியதை ஒட்ட முடியாது. இதையெல்லாம் நான் விளக்கி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் இல்லடா,” என்றாள். “மூணு பிரிண்ட்டுதானே, வீட்டுப் படம், காசா பணமான்னு விட்டுட்டார். கை வலிக்கிறதுன்னு நான் கத்திண்டே இருந்தேன், அது விழலையா அதுல?”